கொசஸ்தலை ஆற்றைப் பிடித்துக்கொண்டு: வடசென்னையில் நிலவியல் சுற்றுலாவைக் கூட்டாக வளர்க்க ஒரு முழு வழிகாட்டி

வடசென்னையில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்பவர்களோடு வாதாட எனக்குப் பொறுமை இல்லை. இது ஏற்கெனவே ஊர்மேல் அக்கறை வைத்திருப்பவர்களுக்கு: குப்பத்து இளைஞர் மன்றம், அறிவியல் ஆசிரியர், கல்லூரி நிலவியல் துறை, மீனவர் கூட்டுறவுச் சங்கம், ஞாயிற்றுக்கிழமை நடைப்பயணம் நடத்தும் நான்கு நண்பர்கள். நிலமும் கல்லும் கடலும் உருவான விதத்தைக் காட்டி, அதில் உள்ளூர்க்காரர்களுக்கும் நாலு காசு வரும்படி ஒரு சுற்றுலாவை எப்படிக் கட்டி எழுப்புவது என்பதே கேள்வி.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எண்ணூரைத் தனியாகக் காட்டினால் அரை நாளில் கதை தீர்ந்துவிடும். கற்காலக் கருவிகள் கிடைத்த பூண்டிப் பக்கத்தையும் பல்லாவரத்தையும், மரங்கள் கல்லாகிக் கிடக்கும் திருவக்கரையையும் சேர்த்துக்கொண்டால் கதை நீளும். அதைவிட முக்கியம், அந்த இடத்துக்காரர்கள் நம் வேலையை வந்து பார்ப்பார்கள், நாம் அவர்கள் வேலையைப் போய்ப் பார்ப்போம். தரம் அந்தக் கண்காணிப்பில்தான் வரும். அரசாணையிலோ பளபளப்பான பலகையிலோ வராது.

படி 1: ஒரு கதையைத் தேர்ந்தெடுங்கள்

இடங்களின் பட்டியலோடு தொடங்காதீர்கள். எல்லாக் குழுக்களும் அங்கேதான் சறுக்குகின்றன. பத்து இடங்களைப் போட்டு, பத்துக்கும் தனித்தனி விளக்கம் எழுதி, வந்தவர் பஸ் ஏறும்போது ஒன்றும் மனதில் நிற்காமல் போகும்.

நமக்குக் கையருகில் ஒரு கதை இருக்கிறது: கொசஸ்தலை ஆறு. பூண்டிக்குப் பக்கத்தில், இந்த ஆற்றின் வடிநிலத்தில் அத்திரம்பாக்கம் இருக்கிறது. 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் இந்தியாவின் முதல் பழங்கற்காலக் கருவியைக் கண்டெடுத்த நிலவியலாளர் இராபர்ட் புரூஸ் ஃபூட், அதே ஆண்டு செப்டம்பரில் வில்லியம் கிங்குடன் சேர்ந்து இங்கே கைக்கோடரிகளைக் கண்டார். தொல்லியலாளர் சாந்தி பப்பு குழுவினரின் ஆய்வு 2011-ல் அத்திரம்பாக்கத்தின் பழைய அடுக்குகளுக்குச் சுமார் 15 லட்சம் ஆண்டு வயது சொன்னது. 2018-ல் வந்த அடுத்த ஆய்வு, கருவி செய்யும் நுட்பம் அங்கே ஏறத்தாழ 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே மாறத் தொடங்கிவிட்டது என்று காட்டியது. அந்தக் கருவிகளுக்கான குவார்ட்சைட் என்ற கடினமான கற்கள் அருகே உள்ள அல்லிக்குழிக் குன்றுகளின் கூழாங்கல் அடுக்குகளிலிருந்து வந்தவை. ஆறு பூண்டி நீர்த்தேக்கத்தைத் தாண்டி, மணலிப் பக்கமாக வந்து, எண்ணூர் முகத்துவாரத்தில் கடலைத் தொடுகிறது.

குன்று, கூழாங்கல், கருவி, ஆறு, மணல், கடல். ஆறு பேருக்கு ஆறு விதமாகச் சொல்லத் தேவையில்லாத வரிசை இது. ஒரு காலத்தில் பாலாறே இந்த வழியாக ஓடியது என்று நிலவியலாளர்கள் கருதுகிறார்கள். இன்றைய சிறிய ஆற்றுக்கு இவ்வளவு பெரிய வண்டல் சமவெளி எப்படி வந்தது என்று மாணவர் கேட்டால் அங்கிருந்து தொடங்கலாம்.

படி 2: கரையை அருகில் சென்று பாருங்கள்

இந்தப் படியில் அவசரம் வேண்டாம். எண்ணூரின் நெட்டுக்குப்பம், தாழங்குப்பம் பக்கம் கடற்கரையில் மணலில் கறுப்பு வரிகள் தெரியும். பார்க்கிறவர்களில் பாதிப் பேர் அதை எண்ணெய்க் கழிவு என்று நினைப்பார்கள். இந்த ஊரில் அப்படி நினைப்பதில் தவறும் இல்லை. ஆனால் ஒரு சின்னக் காந்தத்தைப் பிளாஸ்டிக் பைக்குள் போட்டு அந்த வரியின்மேல் நகர்த்தச் சொல்லுங்கள். கறுப்புத் துகளில் ஒரு பங்கு துள்ளி எழுந்து பையில் ஒட்டும். அது மேக்னடைட் என்ற இரும்புக் கனிமம். காந்தத்தைப் பையிலிருந்து வெளியே எடுத்தால் துகள் பொலபொலவென்று உதிரும், பிள்ளைகள் இதையே பத்து முறை செய்வார்கள். ஒட்டாமல் மிஞ்சும் கறுப்பில் பெரும்பங்கு இல்மனைட் என்ற டைட்டானியக் கனிமம். இடையே தெரியும் இளஞ்சிவப்பு கார்னெட், கண்ணாடிபோல மின்னுவது குவார்ட்ஸ். கனமான துகள் நின்றுவிடுகிறது, லேசானதை அலை இழுத்துக்கொண்டு போகிறது; வரி விழுவதன் காரணம் அவ்வளவுதான். ஒரு காந்தத்தின் விலையில் இவ்வளவு பாடம் நடக்கும் இடம் வேறெங்கும் எளிதில் கிடைக்காது.

அடுத்தது கடல் அரிப்பு. நம் கடற்கரையில் மணல் ஆண்டின் பெரும்பகுதியில் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்கிறது. 1870-களில் சென்னைத் துறைமுகத்தைக் கட்டத் தொடங்கியபோது அந்த நகர்வுக்குக் குறுக்கே சுவர் விழுந்தது. தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே ராயபுரம் முதல் எண்ணூர் வரை கரை கரைந்தது. தெற்கே உலாவும் மக்களுக்குக் கிடைத்த மணல், வடக்கே வீடு இழந்தவர்களின் கணக்கில் எழுதப்பட்டது. இதைச் சுற்றுலாவில் சொல்ல வேண்டுமா என்று கேட்கிறவர்கள் உண்டு. சொல்லியே ஆக வேண்டும். திருவொற்றியூர்க் கரையோரம் கடலுக்குள் கல் கொட்டிக் கட்டிய தூண்டில் வளைவுகளின்மேல் நின்று இரு பக்கமும் பாருங்கள்: ஒரு பக்கம் மணல் சேர்ந்து, மறுபக்கம் குடைந்து கிடக்கும். விளக்கப் பலகையே தேவையில்லை.

அந்தக் கற்களையும் விட்டுவிடாதீர்கள். கடலில் கொட்டிய பாறைகளில் பல, நீலமோ பச்சையோ கலந்த கருஞ்சாம்பல் நிறத்தில், புதிதாக உடைந்த முகத்தில் எண்ணெய் தடவியதுபோல் மினுங்கும். அது சார்னோக்கைட், பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்துக் கல் இனம். கொல்கத்தாவில் ஆங்கிலேய வணிகர் ஜாப் சார்னாக்கின் கல்லறையில் இருந்த கல்லைப் பார்த்து, 1893-ல் தாமஸ் ஹாலந்து அந்தப் பெயரைச் சூட்டினார். பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்தில் உருவாகி, சுமார் 250 கோடி ஆண்டு வயதான பாறை இன்று குப்பத்து வீட்டைக் காக்க அலையில் நிற்கிறது. பரங்கிமலைச் சார்னோக்கைட் தேசிய நிலவியல் நினைவுச்சின்னம் என்பதையும் இங்கேயே சொல்லிவிட்டால், தெற்குச் சென்னைக்கான டிக்கெட்டை வந்தவர் கேட்காமலே வாங்குவார்.

மூன்றாவது, மணல் மேடுகள். மீஞ்சூரிலிருந்து பழவேற்காடு வரை கடலுக்கு இணையாக ஓடும் மேடுகள், கடல் இன்றைய நிலத்துக்குள் தள்ளி நின்ற காலத்தின் கரைகள். அவற்றின் அடியில் நல்ல தண்ணீர். நகரத்துக்காக மீஞ்சூர்ப் பக்கம் அளவுக்கு மீறி இறைத்ததில் நிலத்தடியில் உப்பு நீர் மைல் கணக்கில் உள்ளே ஏறியது. ஒரே கிராமத்தின் இரண்டு கிணறுகளில் தண்ணீரைச் சுவைக்க வைத்தால் போதும். உரியவரிடம் கேட்டுவிட்டு, கிணற்றுக்காரருக்கு ஒரு தொகையும் கொடுங்கள்.

செங்குன்றத்தின் செம்மண், புழல் ஏரிக்கரை இவற்றை விருப்பம் இருந்தால் சேர்க்கலாம். எனக்கு அவை வழிப்போக்குக் காட்சிகள்தான்.

ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு பக்கத்துக் குறிப்பு அட்டை தயாரியுங்கள். என்ன தெரியும், எங்கே நின்றால் தெரியும், அலை ஏறும் நேரம், நிழல் உண்டா, பெண்களுக்குக் கழிப்பறை எவ்வளவு தூரம், யாருடைய இடம். கடைசி இரண்டையும் எழுதாத அட்டையை ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

படி 3: எதைக் காட்டக் கூடாது என்று முடிவெடுங்கள்

அத்திரம்பாக்கத்தில் தரையிலேயே பழங்கருவிகள் கிடந்த காலம் உண்டு. இப்படிப்பட்ட இடங்களின் துல்லியமான இருப்பிடத்தை வரைபடத்தில் போட்டு இணையத்தில் ஏற்றுவது திருடனுக்கு வழி சொல்வதற்குச் சமம். கல் பொறுக்கக் கூடாது, விற்கக் கூடாது என்பது முதல் விதி. யுனெஸ்கோ அங்கீகரித்த நிலவியல் பூங்காக்களான ஜியோபார்க்குகளும் புதைபடிவம், கனிமம் விற்கும் வணிகத்தில் பங்கேற்பதில்லை என்ற விதியைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கின்றன. கையில் எடுத்துப் பார்க்க வேண்டும் என்கிறவர்களை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்கும், பூண்டியில் உள்ள தொல்பழங்கால அகழ்வைப்பகத்துக்கும் அனுப்புங்கள். ஃபூட் சேர்த்த பெருந்தொகுப்பு 1904-ல் சென்னை அருங்காட்சியகத்துக்கு வந்தது. கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே நின்றாலும் அசல் அசல்தான்.

மாறாக, மறைக்கக் கூடாத ஒன்று உண்டு: எண்ணூரின் சாம்பல். அனல் மின் நிலையச் சாம்பல் கழிமுகத்தில் படிந்து ஆழத்தைக் குறைத்திருக்கிறது. 2017 ஜனவரியில் கப்பல்கள் மோதிக் கசிந்த எண்ணெயையும், 2023 டிசம்பர் வெள்ளத்தோடு கழிமுகத்துக்குள் வந்த எண்ணெயையும் மீனவர்கள் வாளியால் அள்ளினார்கள். மனிதன் உண்டாக்கிய படிவுகளுக்குத் தனி நிலவியல் காலப்பகுதி வேண்டும் என்ற முன்மொழிவை 2024 மார்ச்சில் அறிவியலாளர் குழு வாக்களித்து நிராகரித்தது. அந்த விவாதத்தை வகுப்பறையில் நடத்துவதைவிடக் கழிமுகச் சேற்றில் நின்று நடத்தலாம்: மேலே சாம்பல், கீழே சிப்பி, அதற்கும் கீழே மணல். புகைபோக்கிகளை ஒதுக்கிப் படம் எடுத்துப் போடும் சுற்றுலா எனக்கு உடன்பாடில்லை.

படி 4: அனுமதிகள்

சுருக்கமாகச் சொல்கிறேன். அத்திரம்பாக்கம், அதன் பக்கத்துக் குடியம் குகைகள் என்றால் தொல்லியல் துறை. பழவேற்காடு பறவைகள் சரணாலயம் என்றால் வனத்துறை. கரையில் நிரந்தரமாக எதைக் கட்டினாலும் கடலோர ஒழுங்குமுறை விதிகள் குறுக்கே வரும், ஆகவே கட்டாதீர்கள். மடக்கு மேசையும் குடையும் போதும். துறைமுக வளாகங்களுக்கும் ஸ்ரீஹரிகோட்டாவுக்கும் பக்கத்தில் போகாதீர்கள், ட்ரோனை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். நிலவியல் பாரம்பரிய இடங்களுக்கான தனிச் சட்டத்தின் வரைவு 2022-ல் வெளியானது. அதை எதிர்பார்த்துக் காத்திருந்தால் காத்திருந்துகொண்டே இருக்கலாம்.

படகு பற்றி மட்டும் கண்டிப்பு. 2011 கிறிஸ்துமஸ் நாளில் பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மாவட்ட நிர்வாகத்தின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் ஒருவரையும் படகில் ஏற்றாதீர்கள். கரையிலிருந்தே சொல்லக்கூடிய கதை நிறைய இருக்கிறது.

படி 5: கூட்டாளிகளைத் தேர்ந்தெடுங்கள்

உலகத்தில் இது எப்படி நடந்தது என்று தெரிந்துகொள்வது நல்லது. 2000-ல் பிரான்ஸின் ஓட்-புரோவான்ஸ், கிரீஸின் லெஸ்வோஸ் தீவுக் கல்மரக் காடு, ஜெர்மனியின் எரிமலைப் பகுதியான வுல்கானைஃபெல், ஸ்பெயினின் மாஸ்த்ராஸ்கோ ஆகிய நான்கு இடங்கள் மட்டும் சேர்ந்து ஐரோப்பிய ஜியோபார்க் வலையமைப்பை ஆரம்பித்தன. நான்குமே பெருநகரங்களிலிருந்து விலகிய ஊர்கள், இளைஞர்கள் வேலை தேடி வெளியேறிய பகுதிகள். 2004-ல் உலக வலையமைப்பு வந்தது. 2015-ல் யுனெஸ்கோ அங்கீகரித்தது. 2025-ல் ஐம்பது நாடுகளில் 229 ஜியோபார்க்குகள். இந்தியாவிலிருந்து அந்தப் பட்டியலில் ஒன்றும் இல்லை.

அந்தப் பட்டத்துக்கு நாம் இன்று ஆசைப்பட வேண்டாம். அதற்கு ஒரே தொடர்ச்சியான எல்லை, சட்டப்படி அமைந்த நிர்வாகம், சர்வதேச மதிப்புள்ள நிலவியல் எல்லாம் வேண்டும். எடுத்துக்கொள்ள வேண்டியது அவர்களின் பழக்கங்களை. ஐரோப்பியப் பூங்காக்கள் ஆண்டுக்கு இரண்டு முறை கூடிப் பேசுகின்றன, ஆண்டில் ஒரே காலத்தில் எல்லாப் பூங்காவும் விழா நடத்துகின்றன. நான்கு ஆண்டுக்கு ஒருமுறை வெளியிலிருந்து மதிப்பீட்டாளர்கள் வந்து சோதிக்கிறார்கள். அவர்களில் பலர் வேறு ஜியோபார்க்குகளில் வேலை செய்கிறவர்கள். தேறினால் பச்சை அட்டை. குறை இருந்தால் மஞ்சள் அட்டை, திருத்த இரண்டு ஆண்டு. திருத்தாவிட்டால் சிவப்பு, பெயரே போய்விடும்.

நமக்கு முதல் வட்டக் கூட்டாளிகள்: பூண்டி–குடியம்–அத்திரம்பாக்கம், பரங்கிமலை–பல்லாவரம், எழும்பூர் அருங்காட்சியகம். இவற்றோடு ஓராண்டு ஒழுங்காக நடத்திக் காட்டிய பிறகு இரண்டாம் வட்டம். விழுப்புரம் மாவட்டத்தின் திருவக்கரையில் சுமார் இரண்டு கோடி ஆண்டு பழைய கல்மரங்கள் கிடக்கின்றன. பௌர்ணமிக்கு வக்கிரகாளியம்மனைப் பார்க்க வரும் கூட்டத்தில் எத்தனை பேர் பூங்காவுக்குள் எட்டிப் பார்க்கிறார்கள் என்பது வேறு கதை. பெரம்பலூர் மாவட்டச் சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரம். அரியலூர்ப் பக்கம் பழைய கடலடி, அம்மோனைட் என்ற சுருள் ஓட்டுக் கடலுயிரியின் புதைபடிவங்கள். வடக்கே திருப்பதி: மலைப்பாதையில் பஸ் வளைந்து ஏறும்போது, பல பத்துக் கோடி ஆண்டு இடைவெளியில் உருவான இரண்டு பாறைத் தொகுதிகள் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்திருக்கும் முகம் தெரியும். கோவிந்தா போடும் நேரத்தில் யாரும் கவனிப்பதில்லை.

ஆந்திரா என்றதும் தயங்காதீர்கள். பழவேற்காடு ஏரியின் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது. வட அயர்லாந்தின் மார்பிள் ஆர்ச் குகைகள் ஜியோபார்க் 2008-ல் எல்லை தாண்டி அயர்லாந்து நாட்டுக்குள் விரிந்தது. இரண்டு நாடுகளுக்கு முடிந்தது, சூலூர்ப்பேட்டைக்கும் பொன்னேரிக்கும் முடியாதா?

படி 6: வருமானத்தைப் பாடு முறையில் பிரியுங்கள்

கூட்டு முயற்சிகள் உடைவது பணத்தில். இதற்கு வெளிநாட்டுப் பாடம் வேண்டாம். பழவேற்காட்டிலும் எண்ணூர்க் கழிமுகத்திலும் மீனவர்களிடம் பாடு என்ற ஏற்பாடு தலைமுறைகளாக இருக்கிறது. நல்ல மீன் கிடைக்கும் இடங்களை ஒருவரே பிடித்துக்கொள்ளாதபடி, சீட்டுப் போட்டோ முறை வைத்தோ வலை இறக்குவார்கள். இன்று உங்கள் முறை என்றால் நாளை என் முறை. மீறினால் ஊர்க் கூட்டத்தில் பதில் சொல்ல வேண்டும்.

வழிகாட்டிகளுக்கும் சாப்பாடு போடும் வீடுகளுக்கும் ஆட்டோ ஓட்டுபவர்களுக்கும் இதையே வையுங்கள். முன்பதிவு ஒரே எண்ணில் வரட்டும், முறைப்பட்டியல் குப்பத்துப் பொது இடத்தில் எல்லோரும் பார்க்க ஒட்டியிருக்கட்டும். ஆங்கிலம் பேசும் பையனுக்கே எல்லாப் பயணமும் போகும் நிலை வந்தால் மூன்றே மாதத்தில் ஊர் இரண்டாகும்.

ஆனால் பாட்டை அப்படியே பிரதியெடுக்காதீர்கள். அதில் உரிமை இல்லாதவர்களும் உண்டு: பெண்கள், கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் குடும்பங்கள். சேற்றின் ஆழமும் சிப்பிப் படுகையும் யாருக்கு அதிகம் தெரியும் என்று பார்த்தால் இவர்களுக்குத்தான். உங்கள் பட்டியலில் முதல் சீட்டு இவர்களுக்குப் போகட்டும்.

கட்டணத்தில் பத்தில் ஒரு பங்கைக் கூட்டு நிதிக்கு ஒதுக்குங்கள் என்பது என் யோசனை. ஒருவர் இடத்துக்கு மற்றவர் போய் வரும் பயணச் செலவு அதிலிருந்து வர வேண்டும். இந்தச் செலவுக்குத் தனிப் பணம் இல்லாவிட்டால் எட்டாவது படி காகிதத்தில் நின்றுவிடும்.

படி 7: முதல் பயணத்தை ஓட்டிப் பாருங்கள்

ஒரு நாள் கரை, ஒரு நாள் குன்று. இரண்டுக்கும் ஒரே டிக்கெட். கரைக்கு சென்ட்ரல்–கும்மிடிப்பூண்டி புறநகர் ரயிலில் எண்ணூரில் இறங்கலாம், அல்லது மெட்ரோவில் விம்கோ நகர் வரை வரலாம். பழவேற்காட்டுக்குப் பொன்னேரியிலிருந்து பஸ். பூண்டிக்குத் திருவள்ளூரில் இறங்கிச் செல்ல வேண்டும். சொந்தக் காரில் வருபவர்களையும் ரயிலில் ஏற்றுங்கள், ஜன்னலில் தெரியும் கழிமுகமும் உப்பளமும் கதையின் பகுதி.

ஜனவரி, பிப்ரவரி மிக நல்ல காலம். பழவேற்காட்டில் பூநாரைகளும் இருக்கும். வடகிழக்குப் பருவமழையின்போது கரைப் பயணத்தை நிறுத்துங்கள். குழுவில் இருபது பேருக்கு மேல் சேர்க்காதீர்கள், மணலில் குனிந்து பார்க்கும் பயணம் இது.

வழிகாட்டிக்கு ஒரு பயிற்சி போதும், ஆனால் அதைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். எந்தக் கல்லையும் மூன்று வாக்கியத்தில் சொல்ல வேண்டும்: இது என்ன, எப்படித் தெரியும், இங்கே எப்படி வந்தது. நடுவில் உள்ள கேள்விதான் உயிர். எப்படித் தெரியும் என்பதற்குக் கையில் காந்தமோ உருப்பெருக்கியோ காட்டாமல், "விஞ்ஞானிகள் சொல்கிறார்கள்" என்று முடிக்கும் வழிகாட்டியைத் திரும்பப் பயிற்சிக்கு அனுப்புங்கள்.

படி 8: ஒருவரை ஒருவர் சோதியுங்கள்

ஆண்டுக்கு இரண்டு முறை, பூண்டிக் குழுவில் இருவர் சொல்லாமல் எண்ணூருக்குச் சுற்றுலாப் பயணிகளாக வர வேண்டும். எண்ணூர்க் குழுவில் இருவர் பல்லாவரம் போக வேண்டும். சோதிப்பவர் டிக்கெட்டுக்குப் பணம் கொடுத்தே வர வேண்டும், விருந்தோம்பல் பெற்றால் மதிப்பெண் ஏறிவிடும்.

கேள்வித்தாளைச் சிறிதாக வையுங்கள். சொன்ன தகவல் சரியா? கல் எதுவும் எடுக்கப்பட்டதா? அன்றைய முறை யாருடையது, உண்மையில் வந்தது யார்? குடிநீரும் கழிப்பறையும் சொன்னபடி இருந்ததா? பக்கத்து இடத்தைப் பற்றி வழிகாட்டி ஒரு வார்த்தையாவது சொன்னாரா? கடைசிக் கேள்வியில் பெரும்பாலான குழுக்கள் முதல் ஆண்டு தோற்கும். கூட்டணி என்று பலகையில் எழுதியிருக்கும், வாயில் வராது.

முடிவை எல்லாக் கூட்டாளிகளும் அமர்ந்திருக்கும் கூட்டத்தில் படியுங்கள். இந்தக் கூட்டங்களுக்குத் தேதி தேடி அலைய வேண்டாம்: பிப்ரவரி 2 உலக ஈரநில நாள், அக்டோபர் 6 சர்வதேச நிலவியல் பன்மை நாள். முதலாவது எண்ணூரிலோ பழவேற்காட்டிலோ, இரண்டாவது பூண்டியிலோ பல்லாவரத்திலோ நடக்கட்டும். மஞ்சள் அட்டை வாங்கிய குழுவுக்கு அடுத்த கூட்டம் வரை அவகாசம் கொடுங்கள், அதுவரை அந்த இடத்துக்கு முன்பதிவு எடுக்காதீர்கள். முதல் மஞ்சள் அட்டை அநேகமாக எண்ணூருக்கே வரும், கழிப்பறை விஷயத்தில். அதற்கான மனுவை இப்போதே எழுதி மாநகராட்சி மண்டல அலுவலகத்தில் கொடுத்து, ஒப்புகைச் சீட்டை வாங்கி வையுங்கள்.